சிவப்பு நூல் கட்டிய பொதி

எனக்குச் சங்கீதம் பிடிக்காது என்று ஊர்காவற்றுறையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கலியாணம் முடிக்கும்வரை கோயில் பாடகர் குழுவில் பாடியவள் நான். ஆகவே, பக்கத்து வளவில் மூன்று பெடியன்கள் 'பிளக் கிறாப்ஸ்', அதாவது கறுப்பு நண்டுகள், என்று ஒரு றொக் பாண்ட் தொடங்கியபோது, வேலியில் இரண்டு கிடுகு ஓலையை விலக்கி, ஆதரவாகத்தான் பார்த்தேன்.

கிறிஸ்தோப்பர் கிற்றார் அடித்துப் பாடுவான். கப்பலில் வேலை செய்த மாமன் கொண்டுவந்த கசெற்றுகள்தான் அவனுக்குக் குரு. வெள்ளைக்காரன் மூக்கால் பாடினால் இவனும் மூக்கால் பாடுவான். சளி என்று நினைத்து ஒருநாள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். கம்பி அறுந்தால் மீன்பிடிக்கிற தங்கூசி நூலைக் கட்டிக்கொள்வான். மரியநாயகத்திடம் பேஸ் கிற்றார். அவன் காதில் ஏறிய ஒரே சங்கீதம் தகப்பனின் படகு எஞ்சின். நாலு கம்பியிலும் அதையே வாசித்தான். அம்புறோஸ் ட்றம்ஸ். பிஸ்கற் ரின்கள், மீன்பெட்டி, ஒரேயொரு உண்மையான சிம்பல். சின்னவயதில் பூசைக்கு மணியடித்த கை என்பதால் எதையும் மூன்று மூன்றாகத்தான் அடிப்பான். எல்லாம் சேர்ந்தால், நடுக்கடலில் எஞ்சின் பழுதான படகில் யாரோ பூசை வைப்பது போலிருக்கும்.

நான் பொறுத்துக்கொண்டேன். பிறகு அவர்கள் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டினார்கள்.

'கிடுகுக்குள்ள ரெண்டு கண், கிணத்தடியில நூறு வாய்.'

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மீன் சந்தையில் என்னைக் கண்டதும் சின்னப் பிள்ளைகள்கூடப் பாடினார்கள். மற்றவர்களைப் பற்றி நான் சொல்வது செய்தி. என்னைப் பற்றி மற்றவர்கள் பாடுவது அவதூறு. இந்த வித்தியாசம் இளசுகளுக்கு விளங்குவதில்லை.

எண்பத்தாறில் நெடுந்தீவுக் கோயில் பெருநாளுக்கு அவர்களைக் கூப்பிட்டார்கள். என் மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தேன். அவளுடைய மாமியார் குறை தேடுகிற மனுசி. வாய் நீளம் என்று சொல்லிப் பிள்ளையை ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பியவள். இந்தப் பாட்டு மைக்கில் போனால் பிள்ளை மறுபடி வருவாள், இந்தமுறை பெட்டியோடு.

கிறிஸ்தோப்பரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். "தம்பி, அங்க அந்தப் பாட்டு வேண்டாம். என்ர பிள்ளை அங்க வாழவேணும்."

"சனம் அதைத்தானே கேக்குது மாமி," என்றான். "நீங்களும் வாங்கோவன். முன்னுக்குக் கதிரை போட்டுவிடுறன்."

அந்தக் காலத்தில் கடலில் போகும் படகெல்லாம் ஒரு வெள்ளைத்துணி வைத்திருக்கும். கடற்படையின் ரோந்துப் படகைக் கண்டால், சண்டைக்காரர் இல்லை, சாதாரண சனம்தான் என்று தூக்கிக் காட்டவேண்டும். உப்புக்காற்றில் கிழிந்துவிடும் என்பதால் மற்ற நேரம் சுற்றி வைத்திருப்பார்கள். மரியநாயகத்தின் படகில் இருந்தது கிழிந்துபோய்விட்டது. என் கட்டில் விரிப்பை இரவல் கேட்டார்கள். மேடையில் கட்ட, நண்டுப் படம் கீறிய கறுப்புத்துணி ஒன்றும் வைத்திருந்தார்கள். அதற்குக் கரை தைத்துக் கொடுத்ததும் நான்தான். கூலி வாங்கவில்லை.

இரண்டு பொதிகளைப் பேப்பரில் சுற்றி அம்புறோஸிடம் கொடுத்தேன். சிவப்பு நூல் கட்டியது வெள்ளைத்துணி, வெள்ளை நூல் கட்டியது நண்டு என்று சொல்லியும் விட்டேன். காலையில் கரையில் நின்று கையும் காட்டினேன்.

அம்புறோஸ் மட்டும் திரும்பி வந்தான். வலது கை வரவில்லை. செத்தவீட்டில் பாட்டுகளை நானே எடுத்துக் கொடுத்தேன். குரல் அப்படியே இருக்கிறது என்று சனம் சொன்னது. நெடுந்தீவிலிருந்து வந்த சம்பந்திகூட அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

காயம் ஆறியதும் அம்புறோஸ் என்னிடம் வந்தான். "மாமி, நான் சிவப்பு நூலைத்தான் அவிட்டனான். கறுப்பு வந்தது. கிறிஸ்தோப்பர் அதையே தூக்கிக் காட்டினவன். மற்றதை அவிழ்க்க முந்திச் சுட்டுப்போட்டாங்கள்." தொங்கிய வலது சட்டைக்கையை இடது கையால் மடித்துவிட்டான். "சிவப்பு எண்டுதானே சொன்னனீங்கள்?"

"வெள்ளைத்துணிக்கு வெள்ளை நூல் எண்டெல்லோ சொன்னனான், மோனை."

தலையைக் குனிந்துகொண்டு, ஓம் மாமி என்றான். இன்றைக்கும் காண்கிறவர்களிடமெல்லாம் தானே இரண்டு பேரையும் கொன்றதாகச் சொல்லித் திரிகிறான். பாவம், அவனைக் குறை சொல்லாதையுங்கோ என்று ஊருக்கு நான்தான் புத்தி சொல்கிறேன்.

சிவப்பு நூலுக்குள் நண்டை வைத்தவள் நான். மற்றதற்குள் இருந்தது ஒரு பழைய அரிசிச் சாக்கு. வெள்ளைத்துணி இல்லாத படகை ரோந்துக்காரர் திருப்பி அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தேன். முந்திய மாதம் துணி காட்டாத மண்டைதீவுப் படகு ஒன்று திரும்பி வராதது எனக்குத் தெரியும்; இங்கே அந்தச் செய்தியை முதலில் சொன்னதே நான். ஆனால் சொல்கிற எல்லாவற்றையும் நம்புகிற ஆள் நான் இல்லை.

விரிப்பு அலுமாரியில் மடித்தபடி இருக்கிறது. ஒரு கறை கிடையாது. விரும்பினால் வந்து பாருங்கள்.