பம்பின் மேல் ஈரத்துணி

மலைக்குக் காரில் போகிறவர்கள் ஒரு பழைய பருத்தித் துணியைக் கையோடு வைத்திருப்பது நல்லது. இன்ஸ்பெக்டர் ஐயாவின் ஜீப்புக்கும் இது பொருந்தும். பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இன்ஜினின் விலாவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறும்போது இன்ஜின் காய்ந்து, பம்பும் காய்ந்து, குழாயில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் பாவம், வெறும் ஆவியை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோகும். வண்டி நிற்கும். துணியை நனைத்துப் பம்பின் மேல் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருந்தால் சரியாகிவிடும். இதில் வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் அது பின் சீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

நான் டாக்டரம்மா சாந்தம்மாளுக்கு ஒன்பது வருடம் கார் ஓட்டியவன். அம்மா ஆலங்காயத்தில் சொந்தமாக வைத்தியம் பார்க்கிறவர். வியாழக்கிழமைதோறும் மலை ஊர்களுக்குப் போய்வருவார். பாதி ஏற்றத்தில், சுனை இருக்கும் வளைவில், வண்டி தவறாமல் நிற்கும். நான் இறங்குவேன், துணியை நனைப்பேன், முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொள்வேன். வண்டி கிளம்பியதும் அம்மா, "வேடியப்பா, நீ இல்லேன்னா நான் நடு ரோட்லதான் நிக்கணும்" என்பார். என் வீட்டில் இப்படியெல்லாம் பேசுகிற வழக்கம் கிடையாது. கை நிறையக் காய்கறி வாங்கிப் போனாலும் கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் எனக்கு வியாழக்கிழமை பிடித்திருந்தது.

ஐம்பத்தெட்டாம் வருடம் வாணியம்பாடி மெக்கானிக் பாஷா இதைக் கெடுத்தார். நல்ல மனிதர், வேலை சுத்தம். பழைய பம்பைக் கழற்றிவிட்டு, கரண்டில் ஓடும் பம்ப் ஒன்றைப் பின்னால் டிக்கிக்குள் வைத்துவிட்டார். அங்கே சூடு கிடையாது, ஆவியும் கிடையாது. சாவியைத் திருப்பினால் அது டக் டக் டக் என்று தட்டும், பெட்ரோல் நிரம்பியதும் வாயை மூடிக்கொள்ளும். "இனிமே துணி இன்னாத்துக்கு? வூட்ல பாத்திரம் தொடக்கக் குட்துடு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பதினொரு வியாழக்கிழமை வண்டி எங்கும் நிற்கவில்லை. அம்மா ஏறியதும் புத்தகத்தைப் பிரிப்பார், மலை மேல் மூடுவார். நான் ஒருவன் முன்னால் இருக்கிறேன் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவுமாம். எனக்கு மனசு வலித்தது. அதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான், நீங்கள் மேஜை மேல் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சின்ன ஸ்விட்சை வாங்கினேன். பம்புக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி அதில் சேர்த்து, ஸ்டியரிங்குக்கு அடியில் கண்ணில் படாதபடி வைத்தேன். ஒரு விரலால் தட்டினால் பம்ப் நின்றுவிடும். கார்புரேட்டரில் மிச்சம் இருக்கும் பெட்ரோலில் வண்டி கொஞ்ச தூரம் போகும். எங்கே தட்டினால் சரியாகச் சுனை வளைவில் நிற்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பாஷாவுக்கு என் வேலையைக் காட்ட முடியவில்லையே என்று வருத்தம்தான்.

வேடிக்கை என்னவென்றால், பம்ப் இப்போது பின்னால் இருந்தது. நானோ பழையபடி முன்னால்தான் திறந்து துணியைப் போட்டேன். பழைய பம்பைக் கழற்றிய இடத்தை பாஷா ஒரு தகட்டால் மூடியிருந்தார். அந்தத் தகட்டுக்கு நான் மூன்று வருடம் ஒத்தடம் கொடுத்திருக்கிறேன். அம்மா இத்தனை படித்தவர், ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு திரும்பி வந்துவிட்டது.

எனக்கும் ஒரு தர்மம் இருந்தது ஐயா. மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தட்ட மாட்டேன். நோயாளி வண்டியில் இருந்தால் தொடவே மாட்டேன். கால் மணிக்கு மேல் யாரையும் நிறுத்தி வைத்ததில்லை.

போன பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மலையிலிருந்து தீர்த்தகிரி என்ற விவசாயி ஓடியே வந்து சேர்ந்தான். அவன் மனைவி அம்மாக்கண்ணுவுக்கு விடியற்காலையில் பிரசவமாகியிருக்கிறது. பிள்ளை நன்றாக இருக்கிறது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அம்மா பையை எடுத்துக்கொண்டு ஏறினார். அவனை என் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அவன் காரில் ஏறுவது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் கியர் மாற்றினால் கும்பிடுகிற மாதிரிப் பார்த்தான். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. விரல் தானாகப் போய்விட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள். நான்தான் தட்டினேன். நோயாளி வண்டியில் இல்லையே, மலை மேல்தானே இருக்கிறாள் என்று நினைத்தேன். பத்து நிமிடம் என்று நினைத்தேன்.

வளைவில் வண்டி நின்றது. நான் இறங்கித் துணியை நனைத்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா என் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். "நீ அங்கியே பாரு வேடியப்பா, நான் ஸ்டார்ட் பண்றேன். நேரமில்ல" என்றார். ஸ்விட்ச் அவர் முழங்காலுக்கு மேலே இருந்தது. நீங்கள் இறங்குங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். கேட்கவில்லை. பெரியவர்களிடம் எத்தனை தடவை சொல்ல முடியும்.

தகட்டின் மேல் துணியை மாற்றி மாற்றிப் போட்டேன். தீர்த்தகிரி தன் தலைத்துண்டை அவிழ்த்துச் சுனையில் நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, இன்னும் அஞ்சு மைலு கீது. நடந்துட்லாங்களா?" என்று கேட்டான். அம்மா என்னைப் பார்த்தார். என்னால் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருப்பார், நான் ஏறியிருப்பேன், அடுத்த நிமிடம் வண்டி கிளம்பியிருக்கும். அந்த வார்த்தையை நான் அந்த வளைவில் ஒரு நாளும் சொன்னதில்லை. "இதோ வண்டி கெளம்பிடும்மா, ரெண்டே நிமிஷம்" என்றேன். அப்படி ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன்.

கடைசியில் அம்மாவே பொறுக்க முடியாமல் பையை எடுத்துக்கொண்டு நடக்க இறங்கினார். நான் ஏறி விரலை வைத்தேன். டக் டக் டக். வண்டி கிளம்பியது. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்வதற்குக் கால் மணி முன்னால் அம்மாக்கண்ணு போய்விட்டாள் என்றார்கள். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தீர்த்தகிரி உள்ளே போய் அழுதான். பிறகு வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீங்க இன்னாங்க பண்ணுவீங்க. அந்த வெயில்ல உங்களால ஆனதெல்லாம் பண்ணீங்க" என்றான். ஒன்றையும் மறைக்க வேண்டாம் என்றீர்கள், அதனால் சொல்கிறேன். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாட்டிக்கொண்டது பாஷாவால். வண்டியை அம்மா அவரிடம் கொண்டுபோய், அத்தனை நேரம் ஏன் நின்றது என்று கேட்டிருக்கிறார். சாவியைத் திருப்பியபோது பம்ப் தட்டிய சத்தம் கேட்டதா என்று பாஷா கேட்டிருக்கிறார். அம்மா நெடுநேரம் யோசித்து, தான் உட்கார்ந்திருந்தவரை கேட்கவில்லை, வேடியப்பன் ஏறியதும் கேட்டது என்றாராம். பிறகு பாஷா ஒயரைப் பிடித்துக்கொண்டே ஸ்விட்ச் வரை போய்விட்டார். வேலை சுத்தம் என்று முன்பே சொன்னேன்.

எழுதியதெல்லாம் உண்மை, கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை வருடம் போட்டாலும் இருந்துவிட்டு வருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். வெளியே மரத்தடியில் கைப்பிள்ளையோடு ஒருவன் நிற்கிறானே, அவன்தான் தீர்த்தகிரி. என்னைத் தவறாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, எனக்காகச் சாட்சி சொல்ல மலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். ஸ்விட்ச் விஷயத்தை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை ஐயா. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்கு மிச்சம் இருப்பது என் மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான், அதையும் அவனிடமிருந்து பிடுங்குவது பாவம்.