மெகாராப் போர்வை

— அதை மூட்டைக்குள்ள திணி ஆத்தா. யாராவது பார்த்துடப் போறாங்க.

— பார்த்தா என்னடா தெலேஸ்? ஏதென்ஸ்ல பாதிப்பேர் முதுகுல கிடக்கிறது எங்க மெகாராப் போர்வைதானே.

— அது போன மாசம். இப்ப சட்டம் வந்தாச்சு. மெகாராக்காரங்க எங்க சந்தையில கால் வைக்கக் கூடாது. எங்க கூட்டாளி ஊர்த் துறைமுகம் எதுலயும் இறங்கக் கூடாது. பொருளைக் கண்டா பறிமுதல். காட்டிக் கொடுக்கிறவனுக்கு அதுல பாதி. நீ என்னடான்னா சந்தை எல்லைக்கல்லைத் தாண்டி என் கடைக்குள்ளேயே வந்து நிக்கிற!

— நாங்க அப்படி என்னடா பண்ணிட்டோம்?

— தெமெத்தர் அம்மனுக்கு விட்ட நிலத்துல ஏர் ஓட்டினீங்க. இங்கேருந்து ஓடின அடிமைகளுக்குச் சோறு போட்டீங்க.

— ஓட்டினீங்க, போட்டீங்கன்னா? நான் எந்த ஏரைத் தொட்டேன்? தறியை விட்டு எழுந்திருக்கிறதே உன்னைப் பார்க்க வரத்தான்.

— ஒருத்தன் செஞ்சா ஊருக்கே தீட்டுன்னு மேடையில பேசினாங்க. சண்டை வேணாம், ஒரு சொட்டு ரத்தம் சிந்த வேணாம், கதவைச் சாத்தினா போதும்னாங்க. கேட்க நியாயமாத்தான் இருந்துச்சு.

— ரத்தம் சிந்தலதான். பக்கத்து வீட்டுக்காரன் உப்பு மூட்டை மேலயே உக்காந்து கிடக்கான், வாங்க ஆளில்லாம. பிள்ளைங்க பசின்னு அழுதா உப்பையா அள்ளிக் கொடுப்பான்? முன்னெல்லாம் உங்க ஊர்ல ஒருத்தன் வேணாம்னா பானை ஓட்டுல பேரைக் கீறிப் போடுவீங்க. ஊரை விட்டுத் துரத்தின அவனும் பத்து வருஷம் கழிச்சு வந்துடலாம். இப்ப ஒரு ஊர்ப் பேரையே கீறிட்டீங்களேடா, இதுக்கு எத்தனை வருஷம்?

— சட்டத்தை வெட்டி வச்ச கல்லுல அதை எழுதல.

— அந்தச் சட்டத்துக்கு நீயும் கை தூக்கினியா?

— ஆத்தா...

— கேட்டதுக்குச் சொல்லு.

— ரெண்டு பக்கமும் தூக்குறான். என் கை மட்டும் கீழே கிடந்தா, ஏன்டா தயங்குறேன்னு கேப்பான். அப்பன் சரி, ஆத்தா எந்த ஊருன்னு தோண்டுவான். ரெண்டு பேரும் ஏதென்ஸா இருந்தாத்தானே இங்க குடிமகன்? அப்பா உன்னை மறைச்சு யாரோ ஒரு ஏதென்ஸ்காரி பேரைச் சொல்லித்தானே என்னைக் குடிமகன்னு பதிஞ்சாரு? அது வெளிய வந்தா என்னை அடிமையா வித்துடுவாங்க. அப்புறம் என் மக கிளியாவோட கதி?

— எப்பத் தூக்கினே? எல்லாரும் தூக்கின பிறகா?

— ...முதல் ஆளா.

— கெட்டிக்காரன்தான்.

— திட்டு ஆத்தா. நல்லாத் திட்டு.

— திட்டினா கல்லு அழிஞ்சுடுமா? விடு. கிளியாவுக்குப் பல்லு விழுந்துச்சா?

— முன்னாடி ரெண்டு.

— ஐயோ என் ராசாத்தி. தூரத்துல இருந்தாவது காட்டுடா, பார்த்துட்டு போயிடறேன். இந்தப் போர்வை அவளுக்குத்தான். ரெண்டு குளிர்காலமா நெய்தேன்.

— வேணாம். ஓரத்தைப் பார்த்தாலே எந்த ஊர்த் தறின்னு சொல்லிடுவாங்க. ஐயோ, சந்தைக் காவலர் வர்றாரு. வாயைத் திறக்காதே.

— ஏய், செருப்புக்கடை! யாருய்யா இந்தக் கிழவி? மூட்டையில என்ன?

— அது வந்து, காவலரே...

— நான் மெகாராக்காரி ஐயா. திருட்டுத்தனமா போர்வை விக்க வந்தேன். என்னைப் பிடிச்சு நிறுத்தினதே இந்தச் செருப்புக்கடைக்காரருதான். விட்டுடுங்கன்னு காலைப் பிடிச்சேன், மனுஷன் மசியல.

— அப்படியா தெலேஸ்? நீயா பிடிச்சே?

— ...ஆமா.

— சபாஷ்! ஒரே போர்வைதானா? இருக்கட்டும், சட்டம்னா சட்டம். பாதி உனக்கு. அந்தத் தோல் வெட்டுற கத்தியை இப்படிக் கொடு.