பதினொரு நிமிட வாய்ஸ் மெசேஜ்

ஷார்ஜா தொழில்பேட்டையிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நர்ஸுகள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "என் தங்கச்சிய நீ எடுத்துக்கிட்ட, ஜெயா."

"கருவக் கலைக்கப் போறேன்னு முதல்ல உங்கிட்டதான சொன்னா."

"சொன்னா. நான் ரத்தமும் சதையுமா படம் அனுப்பினேன். ஜெபக் குரூப்ல எல்லாரையும் அவளுக்கு 'இது கொலை'ன்னு எழுதச் சொன்னேன். என்னை பிளாக் பண்ணிட்டா. உனக்கு மட்டும் தினமும் வாய்ஸ் மெசேஜ். கலைச்சுக்கோன்னு சொன்னியா?"

"இல்ல. வேணாம்னுதான் நானும் சொன்னேன். ஒரே ஒரு தடவ."

"அப்புறம்?"

"அப்புறம் வாந்தி நின்னுச்சா, மாமியார் என்ன சொல்றாங்கன்னு கேட்டேன். அவ பேசுறா. நான் கேக்குறேன்."

ஜெயாவின் போன் அதிர்ந்தது. மற்றவள் எட்டிப் பார்த்தாள்.

"பதினொரு நிமிஷம். எங்கிட்ட ஒரு வருஷமா மொத்தமா இவ்வளவு பேசல."

ஜெயா இயர்போனை மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டாள். கழற்றும்வரை மற்றவள் காத்திருந்தாள்.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"இது உன்னப் பத்தின விஷயமா, ஸ்டெல்லா?"