சோதனை விளக்கைப் பிடித்திருந்த கை

பெயர் மோகனப்பிரியா. வயது 36. தந்தை பெயர் சின்னத்தம்பி. சொந்த ஊர் ஓசூர். தற்சமயம் மார்சிலிங்கில் வாடகை அறையில் வசிப்பவர். வாகனங்களில் மின்பழுது பார்ப்பவர். இவ்வாக்குமூலம் அவர் கேட்டுக்கொண்டபடி தமிழில், மொழிபெயர்ப்பாளர் உடனிருக்கப் பதிவு செய்யப்படுகிறது.

நான் ஃபேரர் பார்க் அருகே திரு. முத்துசாமி நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்த நாட்டில் நான் வேலை செய்வதற்கான பெர்மிட் அவர் கையில் இருக்கிறது, அவர் ரத்து செய்தால் நான் ஊர் திரும்ப வேண்டியதுதான். சுரேந்தர் என்பவர் அவர் மனைவியின் தம்பி, வீடு பிடோக்கில், வேலையில் எனக்கு மூத்தவர். அவரை அடித்தாயா என்று கேட்கிறீர்கள். அடித்தேன். அதை மட்டும் எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடமாட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவதானால் சொல்கிறேன்.

எந்த வண்டி வந்தாலும் சுரேந்தர் முதலில் எடுப்பது டெஸ்ட் லைட்தான். ஒரு முனையில் ஊசி, உள்ளே சின்ன பல்பு, மறுமுனையில் ஒயரும் கிளிப்பும். அது மட்டமான கருவி என்று நான் சொல்லவில்லை. ஹெட்லைட் எரியவில்லை, பெட்ரோல் பம்ப் ஓடவில்லை என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் பன்னிரண்டு வோல்ட் காட்டி ஏமாற்றும், பல்பு ஏமாறாது. அந்த வேலையில் சுரேந்தர் என்னைவிட வேகம். ஆனால் எரிவதற்கு அந்த பல்பு மின்சாரம் இழுக்கும். வண்டியின் கணினிப் பெட்டிகளை இணைக்கும் டேட்டா ஒயர் அதைத் தாங்காது. அங்கே மின்சாரம் இழுக்காத மல்டிமீட்டர் வேண்டும். ஏர்பேக் என்றால் ஸ்கேனரில் கோளாறைப் படித்து, பேட்டரியைக் கழற்றி, சற்று நேரம் விட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு டாக்சியின் டேட்டா ஒயரில் சுரேந்தர் டெஸ்ட் லைட்டை வைத்தார். கணினிப் பெட்டி செத்துப்போனது. அதன் பிறகு முத்துசாமியிடம், மோகனாவின் மல்டிமீட்டரால்தான் போனது என்று சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அதுவரை அவரை அண்ணே என்று கூப்பிட்டு வந்தேன், அன்றோடு நிறுத்தினேன். அதன் பிறகு ஒரு காலையில் என் மல்டிமீட்டரின் இரண்டு ஒயர்களும் வெட்டப்பட்டுக் கிடந்தன. யார் வெட்டியது என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அவரைப் பிடிக்காது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சம்பவத்தன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, முதியோரை ஏற்றிச்செல்லும் வேன் ஒன்றை அதன் டிரைவர் இருதயராஜ் கொண்டுவந்தார். ஹாரன் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கும் அணையாமல் எரிந்தது. இரண்டுக்கும் ஒயர் ஸ்டியரிங்குக்குள் ஒரே சுருளில் போவதால், அந்தச் சுருள் அறுந்திருக்கும், ஸ்கேனரில் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். சுரேந்தர், "ஹாரனுக்கு எல்லாம் ஸ்கேனரா லா? நீ போய் உன் பொம்மையை வச்சு விளையாடு" என்றார். டிரைவர் சிரித்தார். நான் ஸ்கேனர் எடுக்க உள்ளே போனேன்.

நான் திரும்பி வந்தபோது சுரேந்தர் ஸ்டியரிங்கின் கீழ்மூடியைக் கழற்றியிருந்தார். டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, திறந்த கதவு வழியே குனிந்து, ஊசியால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டு வந்தார். கிளிப் பிளஸ்ஸில் இருந்தால் ஊசி தொடும் ஒயருக்குள் பேட்டரியின் மின்சாரம் போகும். இருதயராஜ் டிரைவர் சீட்டில் இருந்தார். ஹாரனை அழுத்திக்கொண்டே, உள்ளே ஏதாவது சத்தம் வருகிறதா என்று ஸ்டியரிங்கின் மேல் காதை வைத்திருந்தார். கன்னம் ஏர்பேக் மூடியின் மேல் இருந்தது. ஊசி மஞ்சள் இணைப்பை நோக்கிப் போனது. ஏர்பேக் ஒயருக்கு மட்டும்தான் மஞ்சள் போடுவார்கள்.

நான், "சுரேந்தர், கையை எடுங்க, அது ஏர்பேக்! பேட்டரி கழட்டல!" என்று கத்தினேன். அவர் திரும்பாமல், "சும்மா பயமுறுத்தாத லா" என்றார். இருதயராஜ், "என்னம்மா உங்க சண்டை, பெரியவங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். தலையைத் தூக்கவில்லை. நான் சுரேந்தரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் முழங்கையால் என்னைத் தள்ளினார். அதன் பிறகு வண்டிக்கு மேல் இருந்த இரும்பு டார்ச்சை எடுத்து, ஊசியைப் பிடித்திருந்த கையில் மணிக்கட்டுக்கு மேலே அடித்தேன். டெஸ்ட் லைட் கீழே விழுந்தது.

ஏர்பேக் கட்டாயம் வெடித்திருக்குமா என்று கேட்கிறீர்கள். கட்டாயம் என்று சொல்லமுடியாது. வெடிக்கலாம். ஒரு மனிதனின் முகத்தை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க நான் தயாராக இல்லை.

இருதயராஜ் உங்களிடம், சும்மா ஹாரன் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து அடித்தாள் என்று சொல்லியிருப்பதாகச் சொன்னீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைச் சொல்ல வந்தவரின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மறுநாள் முத்துசாமி மார்சிலிங்குக்கு வந்தார். கீழே, லிஃப்ட் பக்கத்தில் நின்று பேசினோம். "கை தவறி டார்ச் விழுந்துருச்சுன்னு சொல்லிடு. அவன் கேஸை விட்டுடுவான், உன் பெர்மிட்டும் இருக்கும். ஏர்பேக் பேச்சே வேண்டாம்" என்றார். நான், "அப்ப நாளைக்கும் அவர் அதே லைட்டை எடுத்துக்கிட்டு இன்னொரு வண்டிக்குள்ள குனிவாரு, சார்" என்றேன். அவர் போய்விட்டார். டார்ச் கை தவறி விழவில்லை.

சுரேந்தரின் கையில் எலும்பு முறிந்திருப்பதாக மருத்துவர் சொல்வதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். எத்தனை முறை அடித்தாய் என்று கேட்கிறீர்கள். இரண்டு முறை. இரண்டாவது அடியை இருதயராஜ் பார்க்கவில்லை. அதற்குள் அவர் மறுபக்கக் கதவு வழியாக இறங்கிவிட்டார். டெஸ்ட் லைட் விழுந்த பிறகு சுரேந்தர் நிமிர்ந்து, "நாளைக்கே உன்னை பிளேன் ஏத்தறேன் பாரு" என்றார். அப்போது ஊசி தரையில் கிடந்தது. வேனில் யாரும் இல்லை. அதன் பிறகு மறுபடியும் அடித்தேன்.

எலும்பு எந்த அடியில் முறிந்தது என்று கேட்கிறீர்கள். முதல் அடியில் முறிந்திருந்தால் எனக்கு நல்லது. அந்த முதல் அடிக்காக நான் வருத்தப்படவும் மாட்டேன், இன்னொரு முறை நேர்ந்தாலும் அப்படியே செய்வேன். ஆனால் பிளேன் ஏற்றுகிறேன் என்று சொன்னபோது அவர் அதே கையைத்தான் நீட்டி, என் முகத்துக்கு நேராக விரலை ஆட்டினார். கை நன்றாகத்தான் இருந்தது.

மேலே எழுதியிருப்பது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதற்குக் கூடவோ குறையவோ இல்லை, அனைத்தும் உண்மை. இந்த அறையில் யாரும் என்னை மிரட்டவில்லை, எனக்கு ஆசை காட்டவும் இல்லை.

ஒப்பம்: சி. மோகனப்பிரியா