எடுக்காத போன்கள்

டாக்டர்: பாதிப் பேர் போனையே எடுக்க மாட்டேங்கறாங்க சார். எடுத்தாலும் டக்குனு வச்சிடறாங்க.

கணக்கு சார்: விளம்பரக் கம்பெனின்னு நினைச்சிருப்பாங்க!

டாக்டர்: சிரிக்காதீங்க. ஆணா பொண்ணாங்கறதுல உடம்பும் மனசும் ஒத்துவரலைன்னு சின்ன வயசுல இங்க வந்து மருந்து எடுத்துக்கிட்ட பிள்ளைங்க. வளர்ந்த பிறகு எப்படி இருக்காங்கன்னு நாளைக்கு நீங்க கணக்குப் பாக்கற மேற்பார்வைக் குழு கேக்கும். பதில் இல்லேன்னா புதுசா யாரையும் சேர்க்காதேம்பீங்க. வெளியில காத்துக்கிட்டிருக்கறவங்க…

கணக்கு சார்: ஆதாரம் இல்லாம கொடுத்துக்கிட்டே இருக்கறதும் சரியில்லையே டாக்டரம்மா. பின்னாடி வருத்தப்பட்டா?

டாக்டர்: நல்லா இருக்கறதால எங்களை மறந்திருக்கலாமே!

கணக்கு சார்: வெறுத்தும் போயிருக்கலாமே. எடுக்காத போனை நீங்களும் உங்க பக்கம் எண்ணக் கூடாது, நானும் என் பக்கம் எண்ணக் கூடாது.

டாக்டர்: அப்ப என்னதான் செய்யறது?

கணக்கு சார்: எனக்கே போன் பண்ற மாதிரி பேசுங்க. ட்ரிங்… ட்ரிங்…

டாக்டர்: நல்ல ஆளு நீங்க! சரி… "ஹலோ, இன்னார்தானே பேசறது?"

கணக்கு சார்: நீங்க யாரு?

டாக்டர்: அதைச் சொல்லக் கூடாது. ஆள் அவங்கதான்னு உறுதியான பிறகுதான் ஆஸ்பத்திரின்னே சொல்லணும். வேற யாராவது எடுத்தா விஷயம் வெளிய போயிடுமே.

கணக்கு சார்: நல்ல விதிதான். இன்னார்னு எந்தப் பேரைச் சொல்றீங்க?

டாக்டர்: முதல் நாள் பதிஞ்ச பேரை. அப்பா அம்மா வச்ச… ஐயோ!

கணக்கு சார்: ஆங்… பதில் சொன்னவங்கள்ல பேரை மாத்திக்கிட்டவங்க எத்தனை பேர்?

டாக்டர்: இருங்க, பார்க்கறேன்… ஒருத்தர்கூட இல்ல சார்!

கணக்கு சார்: அது சல்லடை டாக்டரம்மா. பேரு மாத்தாதவங்களை மட்டும் கீழ விட்டிருக்கு. மத்தவங்களுக்கு, யாரோ முகம் தெரியாதவங்க பழைய பேரைச் சொல்லி விரட்டற மாதிரி இருந்திருக்கும்.

டாக்டர்: அப்பாடா… எங்களை வெறுக்கல!

கணக்கு சார்: அது இன்னும் தெரியாது. நீங்க கேக்கவே இல்லைன்னு மட்டும்தான் தெரியும். இதைச் சொல்லி நாளைக்கு அவகாசம் கேளுங்க. கொடுப்பாங்க.

டாக்டர்: அது போதும் சார். மூச்சு வந்துது… ஆமா, பேர்லதான் கோளாறுன்னு எப்படிச் சட்டுனு பிடிச்சீங்க?

கணக்கு சார்: …போன வாரம் எங்க வீட்ல போன் அடிச்சுது. என் மக எடுத்தா. ஒரு பையன் பேரைச் சொல்லிக் கேட்டாங்க. "அப்படி யாரும் இல்ல"ன்னு வச்சிட்டா. கூப்பிட்டது யாருன்னு அப்பப் புரியல. இப்ப நீங்க "ஹலோ" சொன்னதும் புரிஞ்சுது.

டாக்டர்: உங்க மகளா? இங்கயா?

கணக்கு சார்: பதினாறு வயசுல வந்தா. போன வருஷம் மருந்தை அவளே நிறுத்திட்டா. புதுப் பேரை விடல. சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. அவளை எந்தப் பக்கம் எண்ணுவீங்க?

டாக்டர்: தெரியல… அவளைத்தான் கேக்கணும்.

கணக்கு சார்: குழுகிட்ட இதை முதல்லயே சொல்லியிருக்கணும். வெளிய சொல்லுப்பான்னு அவளும் சொல்லிட்டா. நாளைக்குச் சொல்லிட்டு குழுவுலருந்து விலகிக்கறேன்.

டாக்டர்: நானும் ஒண்ணு சொல்லிடறேன் சார். ஒரு போன்கூட நான் பண்ணல, எல்லாம் இங்க வேலை பாக்கறவங்களை விட்டுத்தான் பண்ணச் சொன்னேன். "ஏன் டாக்டர் கொடுத்தீங்க"ன்னு கேட்டுடுவாங்களோன்னு பயம்… இனிமே வெளியாளே கூப்பிடட்டும், வெளியாளே எண்ணட்டும். பழைய பேரே வேண்டாம். "உங்களை எப்படிக் கூப்பிடணும்?"னு முதல்ல கேக்கணும். அப்புறம் பிறந்த தேதி. அது சரியா இருந்தா ஆஸ்பத்திரிலருந்துன்னு சொல்லணும். மருந்தை நிறுத்தினவங்களையும் விடாம, எல்லாரையும் கேக்கணும்.