துடுப்பைத் தூக்கியவர் யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, தலைமை ஏற்றிருக்கும் சங்கச் செயலாளர் தம்பி சிஜின் அவர்களே, கொட்டாரத்திலிருந்து விவசாயிகள் சார்பில் மாலையோடு வந்திருக்கும் குமாரதாஸ் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தங்கச்சி வியாகுலம்மாளே, ஏழு வள்ளத்துக்காரர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்திருக்கும், எனக்கு யாரென்று தெரியாத இரண்டு பேரே, உங்கள் எல்லோருக்கும் இந்தச் சூசையின் வணக்கம்.

என் பேச்சை நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். எழுத நான்கு நாள் ஆயிற்று. வாசிக்கவும் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த மின்விசிறியைக் குறைத்தால் தாள் பறக்காது. நன்றி.

நம் நாட்டுப்படகு மீனவர் சங்கத்தின் தலைவர், பதினான்கு ஆண்டு தலைவர் நாற்காலி இருந்தும் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்திராத மனிதர், கிளீட்டஸ் அவர்கள் நம்மை விட்டுப் போய் இன்றைக்குப் பதினாறு நாள். என்னைவிட எட்டு வயது இளையவர். அவருடைய வள்ளத்தில் எஞ்சின் பக்கம் அவர் இருப்பார், முன்பக்கம் நான் இருப்பேன். இருபத்திரண்டு ஆண்டு அப்படித்தான்.

எப்படிப்பட்ட மனிதர் அவர்! ஒக்கிப் புயலில் ஆட்களைக் காணவில்லை என்று நாம் தலையில் அடித்துக்கொண்டு நின்றபோது, வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதி வாங்கியவர் யார்? கிளீட்டஸ். "வானத்திலிருந்து தேடுங்கள், வள்ளத்திலிருந்து தேடினால் அலைதான் தெரியும்" என்று அலுவலக வாசலில் மூன்று நாள் நின்றவர் யார்? அவரும் கிளீட்டஸ்தான். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வானத்தில் ஒரு கண் வேண்டும் என்று நம் ஊரில் முதலில் கேட்டவரே அவர்தான். ஆனால் அவர் கேட்டது, காணாமல் போனவனைத் தேடுகிற கண். வந்தது எந்தக் கண்? அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இரண்டு ஆண்டுக்கு முன் இதே மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர், மென்மையாகப் பேசினார். "உங்கள் கடல்தான் நாட்டின் எல்லை. இனி ஆளில்லா விமானம் தினமும் காவலுக்கு வரும். பயப்படாதீர்கள். நீங்கள்தான் எங்கள் கண்ணும் காதும்" என்றார். நாம் எல்லோரும் கை தட்டினோம். கிளீட்டஸ் மட்டும் எழுந்தார்.

"சார், கண்ணும் காதும் நாங்கதாம்ணா, மேல பறக்கது யாருக்க கண்ணு?"

மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அடுத்த கேள்விக்குச் சிரிக்கவில்லை.

"அது படம் எடுக்குமா சார்?"

"எடுக்கும்."

"எடுத்த படத்த எங்க கொண்டு போவும்?"

"மேலிடத்துக்கு."

"மேலிடம்ணா எந்த இடம்?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"சரி சார். உங்களுக்கு ஒரு ரகசியம் உண்டும். எங்களுக்கும் ஒண்ணு உண்டும். அதையும் கொஞ்சம் பாக்காம இருக்கச் சொல்லணும்."

அவர் எந்த ரகசியத்தைச் சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். குமாரதாஸ் ஐயாவுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். கடலுக்கு அடியில் பாறைத் திட்டு உண்டு. அதற்குப் பார் என்று பெயர். கலவாவும் விளமீனும் அங்கேதான் கிடக்கும். கோயில் கோபுரம் எந்த மலைக்கு நேரே வருகிறது, கலங்கரை விளக்கம் எந்தத் தோப்புக்கு நேரே வருகிறது என்று கரையை வைத்துக் கணக்குப் பிடித்துத்தான் அந்த இடத்தில் நங்கூரம் போடுவோம். அதற்குக் கணியம் என்று பெயர். நம் ஏழு வள்ளத்துக்கும் பொதுவாக ஒரு பார் உண்டு. அதன் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். கடைசி வரிசை நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

வேற்றூர் வள்ளம் பக்கத்தில் வந்தால் நாம் என்ன செய்வோம்? தூண்டிலை இழுத்துவிட்டு, நங்கூரக் கயிற்றை எளிதில் கண்ணில் படாத சின்ன மிதவையோடு கழற்றி விட்டு, ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். தண்ணீர் இறைப்பதுபோல ஒருவன், பீடி பற்றவைப்பதுபோல ஒருவன், சும்மா படுத்துக் கிடப்பதுபோல ஒருவன். வந்தவன் போன பிறகு திரும்பி வருவோம். நம் அப்பன்மார் செய்தது. அவர்களுடைய அப்பன்மாரும் செய்தது.

வானத்தில் அந்நியன் வந்தபோதும் நாம் அதையே செய்தோம்!

காலை பத்து மணிக்கு அது வரும். அழைக்காமல் வரும், வந்தால் நாம் ஒழுங்காக உட்கார வேண்டும். அதனால் அதற்கு மருமகன் என்று பெயர் வைத்தோம். எஞ்சினை நிறுத்தித் தூண்டில் போடும்போது கடல் அமைதியாக இருக்குமல்லவா? அதன் இரைச்சல் முதலில் என் காதில்தான் விழும். "ஏலே, மருமவன் வாறாரு, கயித்த விடு மக்கா!" என்று சத்தம் போடுவேன். சத்தம் எட்டாத வள்ளங்களுக்குத் தெரியட்டும் என்று துடுப்பைத் தூக்கிக் காட்டுவேன். ஏழு வள்ளமும் ஏழு பக்கம் போகும். கிளீட்டஸ் விழுந்து விழுந்து சிரிப்பார். "அண்ணே, அவனுக்கு இண்ணைக்கும் ஒண்ணும் கிட்டாது" என்பார். நானும் சிரிப்பேன். எங்களைப் போல் புத்திசாலிகள் இந்தக் கடற்கரையில் இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

மேலே இருந்து பார்ப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? அதை ஒருவராவது யோசித்தோமா? ஏழு வள்ளம் ஓரிடத்தில் கூடி நிற்கின்றன. விமானம் வந்ததும் ஒருவன் கை காட்டுகிறான். உடனே எதையோ கடலில் விட்டுவிட்டு எல்லோரும் ஓடுகிறார்கள். இதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? தூண்டில்காரன் பாரை மறைக்கிறான் என்றா நினைப்பான்?

சென்ற ஐப்பசியில் ஒரு காலையில் ஜீப் வந்தது. கிளீட்டஸை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மதியம் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அவருடைய வள்ளம் கடலில் இறங்கக் கூடாது என்று உத்தரவு. என்ன கேட்டார்கள் என்று நான் கேட்டேன். "ஒண்ணும் இல்லண்ணே, காத்தப் பத்திக் கேட்டாரு" என்றார். அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து நம் பாரின்மேல் வேற்றூர் விசைப்படகுகள் நின்றன. மூன்று படகு. நேராக வந்து, தேடாமல், அளக்காமல், நடுப்பாரில் வலையை இறக்கின. எங்கிருந்து தெரிந்தது அவர்களுக்கு? யார் சொன்னார்கள்? அந்தப் படங்கள் எங்கே போயின? விசைப்படகுக்காரர்களிடமும் கருவி உண்டு, தாங்களே கண்டுபிடித்திருக்கலாம். இருக்கலாம். நான் யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. நான் கேட்கிறேன். கேட்பதற்கும் அனுமதி வேண்டுமா?

ஆனால் நாம் மேலிடத்தைக் கேட்டோமா? இல்லை. நாம் யாரைக் கேட்டோம்?

இங்கே எல்லோரும் தலையைக் குனிகிறீர்கள். நானும் குனிந்துதான் வாசிக்கிறேன்.

"காலையில போன ஆளு மதியம் வந்துட்டாரு. சும்மாவா விட்டானுவ?" என்று கடற்கரையில் பேசியது யார்? "ஒனக்க மாப்பிள்ள பாரைக் காட்டிக் குடுத்துத்தான வெளிய வந்தாரு?" என்று குளச்சல் சந்தையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி வியாகுலம்மாளின் முகத்துக்கு நேரே கேட்டது யார்? பெயர் சொல்லவில்லை. அவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

நான் பேசவில்லை. அது உண்மை. ஆனால் நம்பினேன். இருபத்திரண்டு ஆண்டு ஒரே வள்ளத்தில் இருந்த நான் அதை நம்பினேன்! ஐந்து மாதம் அவர் வள்ளம் மணலில் கிடந்தது. தினமும் காலையில் அதன் நிழலில் போய் உட்கார்ந்திருப்பார். நான் வேறு வள்ளத்தில் ஏறிக்கொண்டேன். அவரைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். "அண்ணே, வடக்கன் காத்து, பாத்துப் போங்க" என்பார். நான் உம் என்பேன். அவ்வளவுதான். அந்த நிழலில்தான் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அடக்கத்துக்கு எல்லோரும் வந்தோம். பெட்டியைத் தூக்க ஆள் போதாமல், கோயில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை இரண்டு முறை கூப்பிட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? என் தோள் என்னிடம்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை வியாகுலம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"அண்ணே, நீங்க எழுத்து படிச்சாச்சுண்ணு பெபிஷா சொன்னா. அவரு பெட்டியில இது இருந்துச்சு. என்ன எழுதியிருக்குண்ணு பாத்துச் செல்லுங்க."

பெபிஷா அவளுடைய மகள். மாலையில் பள்ளிக்கூடத்தில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவள் அவள்தான். "மவ கிட்டக் குடுத்தா ஒரு நிமிசத்தில வாசிப்பாளே?" என்றேன்.

"வாசிப்பா. ஊரு செல்லுத மாதிரி அதில இருந்தா? அப்பனப் பத்தி அத அவ வாசிக்கணுமா? நீங்க வாசியுங்க. கெட்டதுண்ணா அடுப்பில வச்சிருவேன். நம்ம ரெண்டு பேரோட போவட்டும்."

அது விசாரணைத் தாளின் நகல். இரண்டு பக்கம். ஒரு காலை முழுவதும் ஆயிற்று எனக்கு. விரலை வைத்து வாசித்தேன். அதில் இருப்பதை இப்போது அப்படியே வாசிக்கிறேன். தயவுசெய்து சத்தம் போடாமல் கேளுங்கள்.

"பதினொரு நாளும் விமானம் வந்ததும் வள்ளங்கள் சிதறியது ஏன் என்று கேட்டதற்கு, காற்று மாறியது என்றார். தினமும் பத்து மணிக்கா காற்று மாறும் என்று கேட்டதற்கு, தங்கள் ஊர்க் காற்றுக்குக் கடிகாரம் உண்டு என்று ஒத்துழைக்காத முறையில் பதில் அளித்தார்."

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் வியாகுலம்மாளும் சிரித்தோம். இன்னும் இருக்கிறது.

"படத்தில் வள்ளத்தின் முன்பக்கம் நின்று துடுப்பைத் தூக்கியவர் யார் என்று கேட்டதற்கு, நான் என்றார். அப்படியானால் பின்பக்கம் எஞ்சினருகே இருப்பவர் யார் என்று கேட்டதற்கு, அதுவும் நான் என்றார். ஒரே நபர் இரண்டு இடத்தில் எப்படி இருக்க முடியும் என்று கேட்டதற்கு, படம் எடுத்தவரைக் கேளுங்கள் என்றார்."

கடைசி வரி.

"மீன்பிடிக்கும் இடம் குறித்துத் தகவல் எதுவும் தரவில்லை. உடன் வந்த நபரின் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார். சந்தேகத்துக்குரியவர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்."

கேட்டீர்களா? ஏழு வள்ளத்துக்காரர்களே, கேட்டீர்களா? பாரைச் சொல்லவில்லை! நம் கிளீட்டஸ் சொல்லவில்லை! இதை வாசித்து முடித்தபோது எனக்கு வந்தது துக்கம் இல்லை, சந்தோஷம். இரங்கல் கூட்டத்தில் சந்தோஷம் என்று சொல்வது முறையா என்று எனக்குத் தெரியாது. எழுபத்தொரு வயதில் நான் முதல்முதலாக முழுதாக வாசித்து முடித்த தாள் அது. என் நண்பன் நல்லவன் என்று அதில் இருந்தது. சந்தோஷப்படாமல் என்ன செய்வேன்?

அந்த உடன் வந்த நபர் யார்? முன்பக்கம் நின்றவர் யார்? துடுப்பைத் தூக்கியவர் யார்? இந்தக் கைதான். என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் வள்ளம் மணலில் கிடந்திருக்காது. நான் உள்ளே போயிருப்பேன், அவர் கடலில் இருந்திருப்பார். இந்தத் தாளை ஊரில் காட்டியிருந்தால் பழி தீர்ந்திருக்கும், ஆனால் முன்பக்கம் நின்றது நான் என்ற பேச்சு அலுவலகம்வரை போய்விடும் என்றுதானோ என்னவோ, அதையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்.

தாளை மடித்துக் கொடுத்தபோது வியாகுலம்மாள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தப் பட்டியல்லேருந்து அவருக்க பேர எடுத்துத் தாருங்கண்ணே. செத்த பிறவும் எதுக்கு அதில கெடக்கணும்?"

நியாயம்தானே? கல்லறையில் ஒரு பெயர், பட்டியலில் அதே பெயர். எதற்கு?

தலைவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். நல்லது. பணி என்ன என்று நான் சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை காலை நான் அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். பாரை மறைக்கத்தான் சிதறினோம், வேறெதையும் மறைக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். பார் எங்கே என்று எழுதவில்லை. அது அவர்கள் படத்திலேயே இருக்கிறது. அந்தப் படங்களை வேறு யாருக்குக் காட்டினீர்கள் என்று ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை திரும்பத் திரும்ப எழுதுவேன். இப்போது எனக்கு எழுதத் தெரியும், பொழுதும் நிறைய இருக்கிறது.

தாள் இந்த மேசைமேல் இருக்கிறது. ஏழு வள்ளத்துக்காரர்களும் கீழே பெயர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வர விரும்பாதவர்களை நான் கேள்வி கேட்க மாட்டேன். கடைசி வரிசை நண்பர்கள் விரும்பினால் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒளிக்க ஒன்றும் இல்லை.

கடைசிப் பத்தியை எழுதத்தான் எனக்கு ஒரு நாள் பிடித்தது. அதை வாசித்து இறங்கிவிடுகிறேன்.

"ஐயா, துடுப்பைத் தூக்கியது கிளீட்டஸ் இல்லை, நான். அவருடைய பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். சூசை. இரண்டே எழுத்து. அதிக இடம் பிடிக்காது."