பூவாத்தா ஊட்டு கம்ப்யூட்டர் போன்

ஹலோ... ஹலோ... ஏனுங்க, காந்திபுரத்துல போன் கடை வெச்சிருக்கற மெஹராஜ் தம்பிங்களா?... ஆமாங்க, ஆமாங்க. கணபதியில இருந்து தெய்வாத்தா பேசறேனுங்க. கடை தொறக்கறதுக்கு முன்னாலயே ஊட்டுக்குக் கூப்பிட்டுப்போட்டேன், கோவிச்சுக்காதீங்க...

இல்லீங்க, பூவாத்தா இல்லீங்க. தெய்வாத்தா. போன மாசம் எங்க கொழுந்தனார் ஊட்டுல, அமெரிக்காவுக்குப் பில்லில்லாமப் பேசற கம்ப்யூட்டர் போன் மாட்டிக் குடுத்தீங்கல்ல, அவரு சம்சாரந்தான் பூவாத்தா. நான் பக்கத்தூடு, ஒரே காம்பவுண்டு. மூத்த மருமக நானுங்க... பாருங்க, உங்களுக்கும் அவ பேருதான் முதல்ல வருது.

... ரிப்பேரா? ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவளோடது நல்லாத்தான் வேலை செய்யுது. அதுதானுங்க எனக்குச் சங்கடமே.

... வெளையாட்டுக்குச் சொல்லலீங்க. வயித்தெரிச்சல்தான். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது... ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் நின்னுபோகுமுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்கல்ல, நானும் நல்லதாப் போச்சுன்னு இருந்தேனுங்க. அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குதே. அதுவரைக்கும் தாங்காது...

கேளுங்க. அவ பையன் சென்னியப்பனும் என்ற பையன் அருணும் அமெரிக்காவுல ஒரே ரூம்புல இருக்கறாங்க. ஒரே பிளேன்லதான் போனாங்க. ஏர்போர்ட்டுல நானும் அவளும் ஒண்ணாத்தான் அழுதோம். அவ கொஞ்சம் எச்சாவே அழுதா, அது போகட்டும்.

இப்ப என்னன்னா, காத்தால ஏழு மணி ஆனாப் போதும், அவ ஊட்டுல ஒரே சிரிப்பு. அரை மணி, முக்கா மணி. நடுவால ஒரு செவுருதானுங்க. ரசம் வெக்கச் சொல்லித் தர்றா... சளி புடிச்சா என்ன பண்ணோணும்னு சொல்றா... 'சாமி சாமி'ன்னு கொஞ்சறா. எனக்கு இங்க தோசை கருகுது.

... என்ற பையனா? அவன் எங்கீங்க பேசறான். ரெண்டு ரிங்கோட சரி.

... ஆமாங்க, ரெண்டு ரிங்கு. அது எங்கூட்டுப் பழக்கம். அவன் சேலத்துல ஹாஸ்டல்ல இருக்கறப்பவே பேசி வெச்சதுங்க. ரெண்டு ரிங்கு அடிச்சு நின்னா 'நல்லா இருக்கறேன்'னு அர்த்தம். எடுத்தாத்தான பில்லு. மூணாவது அடிச்சாத்தான் எடுப்போம்... இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். தெனமும் ஏழு மணிக்கு அடிக்கும், ரெண்டே ரெண்டு. நானும் எங்கூட்டுக்காரரும் போனையே பாத்துக்கிட்டு நிப்போம். நின்னதும், சரி, பையன் நல்லா இருக்கறான்னு அவரு காப்பி குடிக்கப் போயிருவாரு. அந்நேரத்துக்குத்தான் பக்கத்தூட்டுல சிரிப்பு ஆரம்பிக்கும்...

அதனால நான் முடிவு பண்ணிப்போட்டேன். எங்கூட்டுக்கும் ஒண்ணு மாட்டிக் குடுங்க. அவளுதைக் காட்டியும் பெருசா... பெருசெல்லாம் கெடையாதுங்களா. சரி, ஒசத்தியா ஏதாச்சும்...

... வேண்டியதில்லையா? ஏனுங்க?... மாட்டியிருக்குதா? எங்கூட்டுலயா? இங்க கம்ப்யூட்டரே கெடையாதுங்களே.

... ம்... ஆமாங்க, இன்டர்காம் பொட்டி ரெண்டு ஊட்டுக்கும் ஒண்ணுதான். அண்ணந் தம்பிக பொதுவா வாங்கி வெச்சது... ம்... கம்ப்யூட்டர்ல இருந்து வயரு அந்தப் பொட்டிக்கு வருது... சித்தெ மெதுவாச் சொல்லுங்க தம்பி.

... அமெரிக்காவுல இருந்து கூப்பிட்டா முதல்ல எங்கூட்டுல அடிக்குமா. சரி. நாங்க எடுக்கலீன்னா, தானாப் பூவாத்தா ஊட்டுக்குப் போயிருமா. சரி... எத்தனை ரிங்குக்கு அப்பறமுங்க?

...

ஹலோ... இன்னொருக்காச் சொல்லுங்க.

ரெண்டுன்னா சொன்னீங்க?

... ஆருங்க அப்படி வெக்கச் சொன்னது?... அருணுங்களா. என்ற பையன் அருணுங்களா... 'முதல்ல எங்கம்மாவுக்கு அடிக்கோணும், அவங்க எடுக்கலீன்னாத்தான் சித்திக்கு'ன்னு... ம்... ரெண்டுங்கறது நீங்களா வெச்சதா. இல்லீங்க, உங்க மேல தப்பில்லை. எங்கூட்டுச் சங்கதி உங்களுக்கு எப்படித் தெரியும்.

அப்ப தெனமும் பேசறது சென்னியப்பன் இல்லையா?... அவனுக்கு அந்நேரம் டூட்டியா... அருண்தானா. உங்களுக்கு மெயில் வேற போட்டானா, சித்தி பேசறது சரியாக் கேக்கலீன்னு... சித்தி பேசறது.

... ம்.

ரசம் கேட்டது அவன்தானுங்களா. எங்கிட்டல்ல கேட்டிருக்கோணும். அவ ரசத்துல வெல்லம் போடுவாளுங்க. நீங்க மாட்டுன நாள்ல இருந்து முப்பத்தெட்டு நாளா என்ற பையன் வெல்லம் போட்ட ரசம் குடிச்சுக்கிட்டுக் கெடக்கறான். சளி வேற புடிச்சிருக்குது அவனுக்கு. எனக்குத் தெரியலையே...

... இல்லீங்க, அவ மறைக்கலை. அதையும் சொல்லோணும். 'அக்கா, தம்பி லைன்ல இருக்குது, உங்களைக் கேக்குது, வாங்க'ன்னு ஊட்டுக்குப் பின்னால பொடக்காணியில நின்னு கூப்பிடத்தான் செஞ்சா. தெனமும் கூப்பிட்டா... எந்தத் தம்பின்னு நான் கேக்கலைங்க. ரெண்டு பசங்களையும் நாங்க தம்பின்னுதான் சொல்றது. உங்களையுந்தான் தம்பிங்கறேன். நான் என்ன நெனைச்சேன், அவ மகன் போன்ல பேசறதை நாலு பேருக்குத் தெரியற மாதிரிப் பீத்திக்கறான்னு...

அதுக்கு நான் என்ன சொல்லுவேன் தெரியுங்களா.

'எனக்கு வேலை கெடக்குதுன்னு சொல்லு'ன்னு சொல்லுவேனுங்க. இங்க இருந்தே, அவனுக்குக் கேக்கற மாதிரி. தெனமும்... அவளும் பாவம், தாயிக்கும் மகனுக்கும் ஏதோ மனஸ்தாபமாட்ட இருக்குதுன்னு நெனைச்சிருப்பா. நாலு நாளா அவளும் கூப்பிடறதில்லை.

... அழுவலீங்க. நீங்க மேல சொல்லுங்க.

... பத்து ரிங்கா மாத்தித் தர்றீங்களா? வேண்டாமுங்க. ரெண்டே இருக்கட்டும். ஒண்ணாவதுலயே எடுத்துப்போடறேன். அவ ஊட்டுக்குப் போகவே உடமாட்டேன்... பொறாமைதானுங்க, இல்லீங்கல. முன்ன அவ மகனைப் பாத்துப் பொறாமை. இப்ப என்ற மகன்கிட்ட முப்பத்தெட்டு நாளுப் பேசிப்போட்டாளேன்னு பொறாமை. என்னென்ன சொன்னான்னு அவகிட்டயே போயில்ல கேட்டுத் தெரிஞ்சுக்கோணும்...

... என்னங்க?... நான் இப்படிப் பேசிக்கிட்டிருந்தா எங்கூடு பிஸியா? அப்ப அவன் கூப்பிட்டா... நேரா அங்கயா? மணி எத்தனைங்க?

... ஏழா?

இருங்க. சித்தெ இருங்க... அடிக்குதுங்க. செவுத்துக்கு அக்கட்டால அடிக்குது... எடுத்துட்டா. அவ எடுத்துட்டா, 'சாமி'ங்கறா...

வெக்கறேனுங்க தம்பி, வெக்கறேன்... பூவாத்தா... ஏ பூவாத்தா... வெச்சுப்போடாத, இரு, வாரேன்... எனக்கு வேலை ஒண்ணும் இல்லைன்னு சொல்லு.